எதிரில் அமர்ந்தவர்கள்

2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் உலகச் சதுரங்க வெற்றியாளர் போட்டியின் பதினான்காவது ஆட்டம் முடிவுக்கு வந்தது. சீனாவின் டிங் லிரெனை 7.5க்கு 6.5 என்ற புள்ளிக்கணக்கில் வென்று, சென்னையைச் சேர்ந்த குகேஷ் 18 வயதில் உலக வெற்றியாளரானார். அவருக்கு முன் இப்பட்டத்தை வென்ற ஒரே இந்தியர் விசுவநாதன் ஆனந்த். அவரும் சென்னையில் வளர்ந்தவரே.

ஒரே நகரம் இரண்டு உலக வெற்றியாளர்களை எப்படித் தந்தது? பெற்றோரின் உழைப்பு, பயிற்றுநர்களின் வழிகாட்டல், பள்ளிகளின் ஆதரவு எனப் பல காரணங்களைச் சொல்லலாம். அவற்றுள் பலரும் மறந்துவிடும் காரணம் ஒன்று உண்டு. அரை நூற்றாண்டுக்கு முன் சென்னையில் சிலர் மாலை நேரங்களில் ஒன்றுகூடிச் சதுரங்கம் ஆடினார்கள். பரிசுக்காகவோ ஊதியத்துக்காகவோ அவர்கள் ஆடவில்லை. ஆட்டத்தின் மீது கொண்ட ஆசையே அவர்களை அங்கு வரவழைத்தது. அவர்கள் கூடிய இடத்தின் பெயர் மிகைல் டால் சதுரங்கக் கழகம்.

கழகம் பிறந்த கதை

சதுரங்கம் இந்தியாவில் தோன்றிய ஆட்டம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அனைத்துலகப் போட்டிகளில் இந்தியா பின்தங்கியே இருந்தது. நாட்டின் பல பகுதிகளில் மக்கள் தங்கள் வட்டார விதிகளின்படி ஆடிவந்ததும் அதற்கு ஒரு காரணம். அனைத்துலக ஆட்டத்தில் சிப்பாய் தன் முதல் நகர்வில் இரண்டு கட்டங்கள் செல்லலாம்; பழைய இந்திய முறையில் ஒரு கட்டம்தான் செல்ல முடியும். அனைத்துலக ஆட்டத்தில் அரசனும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறி, அரசனுக்குக் கோட்டை கட்டலாம். பழைய முறையில் அது இல்லை. மாறாக, எதிரியின் தாக்குதலுக்கு இன்னும் ஆளாகாத அரசன் ஒரே ஒருமுறை குதிரையைப் போலப் பாய்ந்து செல்லலாம். வீட்டுத் திண்ணையில் இந்த விதிகளோடு சிறப்பாக ஆடிய ஒருவர், வெளிநாட்டுப் போட்டிக்குச் சென்றால் தடுமாறத்தான் செய்வார்.

இந்த நிலையை மாற்ற முயன்றவர்களுள் முதன்மையானவர் மானுவல் ஆரோன். 1935இல் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர் இவர். 1961இல் இந்தியாவின் முதல் அனைத்துலக மாஸ்டர் என்ற பட்டத்தைப் பெற்றார். இந்திய அரசின் அர்ஜுனா விருதைப் பெற்ற முதல் சதுரங்க ஆட்டக்காரரும் இவரே. தேசிய வெற்றியாளர் பட்டத்தை ஒன்பது முறை வென்றார். 1960இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த ஒலிம்பியாட் போட்டியில், முன்னாள் உலக வெற்றியாளரான மாக்ஸ் யூவேயைத் தோற்கடித்தார்.

தாம் வென்றால் மட்டும் போதாது, தம்மைப் போல் பலர் உருவாக வேண்டும் என்று ஆரோன் விரும்பினார். அதற்குப் பலரும் கூடி ஆட ஓர் இடம் தேவைப்பட்டது. சென்னையில் இருந்த சோவியத் பண்பாட்டு நிலையம் அந்த இடத்தைத் தந்தது. அக்காலத்தில் சதுரங்கத்தில் உலகின் முன்னணி நாடு சோவியத் ஒன்றியம். அங்கே பிள்ளைகளுக்கான மன்றங்களில் சதுரங்கம் முறையாகக் கற்பிக்கப்பட்டது. அத்தகைய மன்றம் ஒன்றில் ரீகா நகரத்துச் சிறுவன் ஒருவன் பயிற்சி பெற்றான். பிற்காலத்தில் அவன் 1960இல் எட்டாவது உலக வெற்றியாளரானான். அவன்தான் மிகைல் டால். காய்களை அஞ்சாமல் பலி கொடுத்துத் தாக்குவதில் அவர் வல்லவர். 1972இல் தொடங்கிய சென்னைக் கழகத்துக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது. கழகத்தில் பயிற்சி பெற்று உயர்ந்தவரின் பெயரே ஒரு கழகத்துக்கு அமைந்தது மிகவும் பொருத்தம்.

கழகத்தில் நடப்பது என்ன?

சதுரங்கம் இருவர் ஆடும் ஆட்டம். அப்படியிருக்க, கழகம் எதற்கு? வீட்டிலேயே அண்ணனும் தங்கையும் ஆடினால் போதாதா?

போதாது. வீட்டில் நம்மோடு ஆடுபவரின் பழக்கங்கள் விரைவில் நமக்குத் தெரிந்துவிடும். அவர் எந்தக் காயை முதலில் நகர்த்துவார், எப்போது பதறுவார் என்பதெல்லாம் மனப்பாடமாகிவிடும். கழகத்தில் அப்படியன்று. இன்று எதிரில் அமர்பவர் ஒரு வங்கி ஊழியராக இருக்கலாம். நாளை அமர்பவர் ஓய்வு பெற்ற ஆசிரியராக இருக்கலாம். அதற்கடுத்த நாள் பள்ளிச் சீருடையோடு வந்த மாணவியாகவும் இருக்கலாம். ஒருவர் பொறுமையாகக் காத்திருந்து வெல்பவர். இன்னொருவர் எடுத்த எடுப்பிலேயே தாக்குபவர். இத்தனை விதமான மனிதர்களைச் சமாளிக்கும்போதுதான் ஆட்டம் வளர்கிறது. ஒரு கை தட்டினால் ஓசை எழாது அல்லவா?

அறுபத்து நான்கு கட்டங்களுக்கு முன் வயதும் பதவியும் செல்லுபடியாகா. பத்து வயதுச் சிறுமி, அறுபது வயதுப் பெரியவரைத் தோற்கடிக்கலாம். அவர் கைகுலுக்கி அவளைப் பாராட்ட வேண்டும். சிறுவரும் பெரியவரும் சரிநிகராக உட்காரும் இடங்கள் நம் வாழ்வில் மிகக் குறைவு. சதுரங்கக் கழகம் அவற்றுள் ஒன்று.

கழகத்தில் கற்க வேண்டிய ஒழுங்குகளும் சில உள்ளன. முதலாவது, தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். வீட்டில் ஆடும்போது, “தெரியாமல் தொட்டுவிட்டேன்” என்று சொல்லித் தப்பிக்கலாம். கழகத்தில் அது நடக்காது. எனவே, கை நீளும் முன் மனம் முடிவெடுக்கப் பழகுகிறது.

இரண்டாவது, கடிகாரம். சதுரங்கக் கடிகாரத்தில் இரண்டு முகங்கள் இருக்கும். ஒருவர் தம் காயை நகர்த்திவிட்டுப் பொத்தானை அழுத்தினால், அவருடைய நேரம் நின்று எதிராளியின் நேரம் ஓடத் தொடங்கும். நல்ல நிலையில் இருப்பவர்கூட நேரம் தீர்ந்துவிட்டால் தோற்க நேரிடும். சரியாகச் சிந்தித்தால் மட்டும் போதாது, குறித்த நேரத்துக்குள் சிந்திக்க வேண்டும் என்பதைக் கடிகாரம் கற்பிக்கிறது.

மூன்றாவது, குறிப்பெடுத்தல். பலகையின் நெடுவரிசைகளுக்கு எட்டு எழுத்துகளும் குறுக்குவரிசைகளுக்கு எட்டு எண்களும் உண்டு. அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் அமைகிறது. போட்டி ஆட்டங்களில் இரு தரப்பினரும் ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுதுவார்கள். அத்தாள் இருந்தால் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த ஆட்டத்தை மீண்டும் ஆடிப் பார்க்கலாம். தன் தவறுகளைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும் ஆட்டம் இது!

வென்றவர் அமர்வார், தோற்றவர் எழுவார்

ஆனந்துக்கு ஆறு வயதானபோது, அவருடைய தாயார் சுசீலா அவருக்குச் சதுரங்கம் கற்பித்தார். மகனின் ஆர்வத்தைக் கண்டு அவரை டால் கழகத்துக்கு அழைத்துச் சென்றார். சில காலம் கழித்து, தந்தையின் பணி காரணமாகக் குடும்பம் பிலிப்பீன்ஸ் நாட்டின் மணிலாவுக்குச் சென்றது. அங்கே தொலைக்காட்சியில் நாள்தோறும் சதுரங்கப் புதிர்கள் ஒளிபரப்பாயின. மகன் பள்ளியில் இருக்கும் வேளையில் தாயார் அவற்றை எழுதி வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை காண்பார்கள். சென்னைக்குத் திரும்பிய பின் ஆனந்த் மீண்டும் டால் கழகத்துக்குச் செல்லத் தொடங்கினார்.

அங்கே மின்னல் ஆட்டம் மிகவும் பிரபலம். மின்னல் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்களே கிடைக்கும். ஆட வந்தவர்கள் பலர், பலகைகளோ குறைவு. ஆகவே, ஓர் எளிய ஏற்பாடு இருந்தது. வென்றவர் அதே இருக்கையில் தொடர்ந்து அமர்ந்திருப்பார். தோற்றவர் எழுந்து, வரிசையின் கடைசிக்குச் சென்று, தம் முறை வரும்வரை காத்திருப்பார்.

சிறுவன் ஆனந்துக்கு ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி வெல்வதுதான். எழுந்து நிற்க நேர்ந்தாலும் அந்த நேரம் வீணாகவில்லை. காத்திருப்பவர்கள் மற்றவர்களின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். பலகைக்கு அருகில் நின்று பார்ப்பவருக்கு, ஆடுபவருக்குத் தெரியாத நகர்வுகூடத் தெரிந்துவிடுவதுண்டு.

அங்கே வளர்ந்த வேகம் ஆனந்தின் அடையாளமாக மாறியது. 1983இல் தேசிய இளையர் போட்டி ஒன்றில், ஒன்பது ஆட்டங்களில் ஒன்பதையும் வென்றார். மற்றவர்கள் அரை மணி நேரம் சிந்திக்கும் இடத்தில் அவர் சில நிமிடங்களே எடுத்துக்கொண்டார். ‘மின்னல் சிறுவன்’ என்று உலகம் அவரை அழைத்தது. 1987இல் உலக இளையர் வெற்றியாளரானார்; 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரானார். பின்னர் 2000, 2007, 2008, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் உலக வெற்றியாளர் பட்டத்தை வென்றார்.

தோல்விக்குப் பிந்திய அரை மணி நேரம்

‘தோல்வியே வெற்றிக்கு முதற்படி’ என்பதை நாம் அடிக்கடி கேட்கிறோம். ஆனால், எல்லாத் தோல்வியும் படியாகிவிடுவதில்லை. ஏன் தோற்றோம் என்பது தெரியாதவரை, ஒருவர் அதே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பார். தோல்வியைப் படியாக மாற்றும் வழக்கம் ஒன்று சதுரங்கக் கழகங்களில் உண்டு. ஆட்டம் முடிந்ததும் இருவரும் எழுந்து போய்விடுவதில்லை. காய்களைப் பழைய நிலையில் மீண்டும் அடுக்கி, ஆட்டத்தை முதலிலிருந்து ஆராய்கிறார்கள்.

“இந்த இடத்தில் குதிரையை ஏன் நகர்த்தினாய், தம்பி?” என்று வென்ற பெரியவர் கேட்பார்.

“உங்கள் யானையைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன், மாமா.”

“யானையைப் பார்த்தாய், சரி. குதிரை எழுந்து போனதும் உன் அரசன் தனியாகிவிட்டானே, அதைப் பார்த்தாயா?”

சிறுவன் பலகையைப் பார்க்கிறான். சற்று முன் கண்ணில் படாத ஒன்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. அடுத்த முறை குதிரையைத் தொடும் முன் அவன் அரசனைத் திரும்பிப் பார்ப்பான்.

இந்த ஆய்வில் வியப்பான ஒன்று உண்டு. சற்று முன்வரை ஒருவரை ஒருவர் வீழ்த்த முயன்ற இருவர், இப்போது ஒரே பக்கம் நின்று ஒரே கேள்விக்கு விடை தேடுகிறார்கள். வென்றவர் தம் இரகசியத்தை மறைப்பதில்லை. “நீ மந்திரியை முன்னால் கொண்டு வந்திருந்தால் நான் தோற்றிருப்பேன்” என்று தாமே ஒப்புக்கொள்வார். அடுத்த வாரம் அதே சிறுவன் தம்மைத் தோற்கடிக்கக்கூடும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் கற்றுத் தருகிறார்.

கழகப் போட்டிகளை நடத்தும் முறையிலும் இந்தப் பண்பைக் காணலாம். சில விளையாட்டுகளில் ஒருமுறை தோற்றவர் உடனே வெளியேற வேண்டும். சதுரங்கப் போட்டிகள் பலவற்றில் ‘சுவிஸ் முறை’ பின்பற்றப்படுகிறது. 1895இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் இது முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. இம்முறையில் எவரும் வெளியேற்றப்படுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளி பெற்றவர்கள் எதிரெதிரே அமர்த்தப்படுகிறார்கள். முதல் சுற்றில் தோற்றவருக்கும் கடைசிச் சுற்றுவரை ஓர் இருக்கை உண்டு.

பெயர் பதிவாகாதவர்கள்

ஒரு கழகம் தானாக நடப்பதில்லை. யாரோ ஒருவர் முன்னதாக வந்து கதவைத் திறக்க வேண்டும். மேசைகளை ஒழுங்குபடுத்திக் காய்களை எண்ணி வைக்க வேண்டும். காணாமற்போன சிப்பாய்க்கு மாற்றுச் சிப்பாய் தேட வேண்டும். போட்டி நாளில் யாரோடு யார் ஆடுவது என்று அட்டவணை எழுத வேண்டும். புதிதாக வந்து தயங்கி நிற்கும் பிள்ளையை அழைத்து, “வா, உட்கார்” என்று சொல்ல வேண்டும். தொழில்சாராக் கழகங்களில் இவற்றையெல்லாம் செய்பவர்கள் ஊதியம் பெறுவதில்லை. பகலில் தத்தம் வேலைகளைப் பார்த்துவிட்டு மாலையில் வருபவர்கள் அவர்கள்.

அவர்களுள் பெரும்பாலோர் கிராண்ட்மாஸ்டர் ஆகப் போவதில்லை. அது அவர்களுக்கே தெரியும். பிறகு ஏன் வருகிறார்கள்? ஓர் அழகான நகர்வைக் கண்டுபிடிக்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சி, உலக வெற்றியாளருக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான். அந்த மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள நண்பர்கள் இருக்கும் இடத்தைத் தேடி அவர்கள் வருகிறார்கள்.

ஆனந்தின் பெயர் சதுரங்க வரலாற்றில் நிலைத்துவிட்டது. மின்னல் ஆட்டத்தில் அவரிடம் தோற்று எழுந்து போனவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் பதிவாகவில்லை. அவரைத் தோற்கடித்து எழுப்பியவர்களின் பெயர்களும் அப்படியே. ஆயினும், எதிரில் அமர அவர்கள் இல்லாமல் இருந்திருந்தால், அந்தச் சிறுவன் யாரோடு ஆடி வேகத்தைக் கற்றிருப்பான்?

திரையும் பலகையும்

இன்று நிலைமை பெரிதும் மாறிவிட்டது. 1997இல் ‘டீப் புளூ’ என்ற கணினி, அப்போதைய உலக வெற்றியாளர் காஸ்பரோவை வென்றது. இப்போது கைப்பேசியில் இயங்கும் சதுரங்கச் செயலிகூட உலக வெற்றியாளரைவிடத் திறமையாக ஆடும். நள்ளிரவிலும் இணையத்தில் எதிராளி கிடைப்பார். கழகமோ பயிற்றுநரோ இல்லாத சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இது பெரும் வாய்ப்பு. பயிற்சிக்கூடங்களும் பெருகிவிட்டன. குகேஷ் பள்ளியில் ஆடத் தொடங்கிப் பயிற்றுநர்களிடம் கற்று உயர்ந்தவர். ஆனந்த் வழிகாட்டும் பயிற்சிக்கூடமும் அவருக்குத் துணைநின்றது. தாம் பெற்றதை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் கழக வழக்கத்தை ஆனந்த் மறக்கவில்லை.

அப்படியானால் கழகங்கள் இனித் தேவையில்லையா? திரையில் தோற்றால், ஒரு பொத்தானை அழுத்தி அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடலாம். எதிராளியின் முகம் நமக்குத் தெரியாது, அவரும் மறைந்துவிடுவார். எந்த நகர்வு சரியானது என்பதைக் கணினி நொடியில் காட்டிவிடும். நாம் ஏன் வேறு விதமாக நினைத்தோம் என்று அது நம்மிடம் கேட்பதில்லை. எதிரில் அமர்ந்தவர்தான் அதைக் கேட்பார். தோற்றபின் கைகுலுக்கவும், வென்றபின் அடக்கமாக இருக்கவும், பிறர் ஆடும்போது வாய்திறவாமல் நிற்கவும் மனிதர்கள் நடுவில்தான் பழக முடியும்.

நம் பள்ளிகளிலும் சமூக மன்றங்களிலும் சதுரங்கக் குழுக்கள் இயங்குகின்றன. அவற்றில் சேரும் அனைவரும் வெற்றியாளராக வேண்டியதில்லை. நன்றாக ஆடுபவருக்கு ஒரு நல்ல எதிராளி வேண்டும். புதிதாக வருபவருக்குப் பொறுமையான ஒரு நண்பர் வேண்டும். அந்த இரண்டு இருக்கைகளில் ஏதாவது ஒன்றில் நம்மில் எவரும் அமரலாம்.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. வீட்டில் ஆடுவதற்கும் கழகத்தில் ஆடுவதற்கும் உள்ள வேறுபாடுகளைப் பனுவலின் துணைகொண்டு விளக்குக.

2. ‘எல்லாத் தோல்வியும் படியாகிவிடுவதில்லை’ என்ற கருத்தை நீ ஏற்றுக்கொள்கிறாயா? உன் அனுபவத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

3. அடுத்த வாரம் தம்மைத் தோற்கடிக்கக்கூடிய சிறுவனுக்குப் பெரியவர் ஏன் கற்றுத் தருகிறார்? உன் கருத்தைக் கூறுக.

4. உன் பள்ளியின் இணைப்பாட நடவடிக்கை ஒன்றில், பெயர் வெளியே தெரியாமல் உழைப்பவர் ஒருவரைப் பற்றி நண்பர்களிடம் எடுத்துரை.